மார்க் நன்றாக இருந்தும் நிதியுதவி நிற்பது ஏன்?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். மகள் அமெரிக்காவில் ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில் பயாலஜி படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு முடிந்துவிட்டது. ஜிபிஏ, அதாவது மார்க் சராசரி, 3.1. டீன் அலுவலகத்தில் கேட்டால் ‘குட் ஸ்டாண்டிங்’ என்கிறார்கள். ஆனால் மே மாதக் கடைசியில் ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்திலிருந்து ஒரு மெயில்: ‘சாட்டிஸ்ஃபேக்டரி அகாடமிக் ப்ராக்ரஸ்’ (படிப்பில் போதிய முன்னேற்றம்) இல்லை, அதனால் பெல் கிராண்டும் (அரசு தரும் உதவித்தொகை) ஃபெடரல் லோனும் (அரசுக் கடன்) நிறுத்தம். ஒரு செமஸ்டர் சும்மா இருந்தால் தானாகத் திரும்பி வந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் ப்ளஸ் லோன் எடுத்துச் சமாளியுங்கள் என்கிறார் இன்னொருவர். அக்டோபரில் பாட்டி இறந்ததால் அவள் திருநெல்வேலிக்கு வந்து போனதையும், அதன் பிறகு சரியாகத் தூங்காமல் கல்லூரியில் கவுன்சலிங் போனதையும் சொல்லியிருக்கிறீர்கள். அப்பீல் போடலாமா, கவுன்சலிங் விஷயத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். நான்கு செமஸ்டர் கணக்கையும் கொடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலானோர் அதைக் கொடுப்பதில்லை, அது இல்லாமல் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது.

அலுவலகத்தில் தவறு நடந்ததாகத் தெரியவில்லை. இரண்டு நண்பர்கள் சொன்னதும் சரியில்லை. அப்பீலுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

ஒரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் இந்த அப்பீல் கடிதங்களைப் படிக்கும் வேலையில் இருந்தவன் நான். வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் உங்களைப் போலவே ஜிபிஏவைக் காட்டித்தான் வாதாடுவார்கள். ஃபெடரல் விதி ஜிபிஏவை மட்டும் பார்ப்பதில்லை. அது பார்ப்பவை மூன்று. முதலாவது மார்க்: பெரும்பாலான கல்லூரிகளில் இளநிலை மாணவர்களுக்கு 2.0. உங்கள் மகளுக்கு அதில் பிரச்சினையே இல்லை. இரண்டாவது வேகம், அதாவது எடுத்த க்ரெடிட்டில் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள அளவுப் புள்ளி) எத்தனை பங்கு முடித்திருக்கிறாள் என்பது. மூன்றாவது உச்சவரம்பு: பட்டத்துக்கு எத்தனை க்ரெடிட் வேண்டுமோ அதில் ஒன்றரை மடங்குக்குள் படித்து முடிக்க வேண்டும். 120 க்ரெடிட் பட்டம் என்றால் 180 க்ரெடிட் வரைதான் அரசு பணம் தரும். இரண்டாவது விதி பிறப்பதே இந்த மூன்றாவதிலிருந்துதான். 180 எடுத்து 120 முடிக்க வேண்டும் என்றால் எப்போதும் மூன்றில் இரண்டு பங்காவது முடித்துக்கொண்டே வர வேண்டும். அதைத்தான் 67 சதவீதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் மகளின் கணக்கு. முதல் செமஸ்டரில் 15 எடுத்து 15 முடித்தாள். இரண்டாவதில் 16 எடுத்து 9. மூன்றாவதில் 15 எடுத்து 7. நான்காவதில் 14 எடுத்து 7. மொத்தம் 60 எடுத்து 38 முடித்திருக்கிறாள். 63.3 சதவீதம். மெயில் வந்த காரணம் அவ்வளவுதான். அவள் எதிலும் ஃபெயில் ஆகவில்லை என்பதும் உண்மை. முடிக்காத 22 க்ரெடிட்டில் 19 ‘டபிள்யூ’. பாடத்தைப் பாதியில் விட்டவை. கெமிஸ்ட்ரி மட்டும் இரண்டு முறை.

டபிள்யூ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளை மெடிக்கல் ஸ்கூலுக்குப் போக வேண்டும், அதற்கு ஜிபிஏ அடிபடக் கூடாது, மிட் டெர்மில் சி வருகிறாற்போல் இருந்தால் டிராப் பண்ணிவிடு, அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஜிபிஏ கணக்கில் டபிள்யூவுக்கு மதிப்பு கிடையாது, அது உண்மை. ஆனால் வேகக் கணக்கில் டபிள்யூவும் எஃப்பும் ஒன்றுதான்: எடுத்தாய், முடிக்கவில்லை. ஜிபிஏவைக் காப்பாற்ற விட்ட ஒவ்வொரு பாடமும் இங்கே கழிந்துகொண்டே வந்திருக்கிறது. செமஸ்டர் தொடங்கிய முதல் சில நாட்களில், ஆட்-டிராப் காலம் முடிவதற்குள் விட்டால் அது பதிவிலேயே வராது, எந்தக் கணக்கிலும் சேராது. அதற்குப் பிறகு விட்டால்தான் டபிள்யூ. சி வாங்கித் தேறியிருந்தால் இந்த மெயில் வந்திருக்காது. பயாலஜி மேஜருக்கும், டாக்டர் கனவுக்கும், லோனுக்கும் மூன்று தனித்தனிக் கணக்கு ஓடுகிறது என்பதை பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை.

டீன் அலுவலகம் சொன்னதும் பொய் இல்லை. அவர்கள் பார்ப்பது கல்லூரியில் தொடர்ந்து படிக்கலாமா என்பதை. எய்ட் அலுவலகம் பார்ப்பது அரசுப் பணத்தில் படிக்கலாமா என்பதை. முதலாவதில் தேறி இரண்டாவதில் தவறலாம், தலைகீழாகவும் நடக்கும்.

முன்பே ஏன் எச்சரிக்கவில்லை என்று கோபமாகக் கேட்டிருந்தீர்கள். கல்லூரி ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் இந்தக் கணக்கைப் பார்த்தால், ‘வார்னிங்’ கொடுத்து இன்னும் ஒரு செமஸ்டருக்குப் பணத்தைத் தொடர்ந்து தரலாம். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பார்க்கும் கல்லூரிக்கு வார்னிங் கொடுக்க விதியில் இடமில்லை, நேராக நிறுத்தம்தான். உங்கள் மகளின் கல்லூரி இரண்டாவது வகை என்று தெரிகிறது. போன மே மாதத்தில் அவள் 31 எடுத்து 24 முடித்திருந்தாள், 77 சதவீதம், அதனால் அப்போது தேறிவிட்டாள். டிசம்பரிலேயே 46-க்கு 31 என்று விளிம்புக்கு வந்துவிட்டாள், ஆனால் அப்போது யாரும் பார்க்கவில்லை.

சரி, இப்போது முக்கியமான விஷயம். கடைசி செமஸ்டரில் முடிக்காத 7 க்ரெடிட்டில் 3 க்ரெடிட் டபிள்யூ இல்லை, ‘இன்கம்ப்ளீட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ லேப் ரிப்போர்ட் பாக்கி, பேராசிரியர் அவகாசம் கொடுத்திருக்கிறார் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அதுதான் சாவி. இன்கம்ப்ளீட்டும் இப்போதைக்கு முடிக்காதது என்றே எண்ணப்படுகிறது. அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்துத் தேர்ச்சி மார்க் ஏறிவிட்டால் 60-க்கு 41. அதாவது 68.3 சதவீதம். கோட்டைத் தாண்டிவிடுகிறாள், அப்பீலே தேவையில்லை.

அதனால் இன்றைக்கே அவள் செய்ய வேண்டியது அந்தப் பேராசிரியருக்கு எழுதிக் கடைசித் தேதியை உறுதிப்படுத்திக்கொள்வது. பல கல்லூரிகளில் கெடு தாண்டினால் இன்கம்ப்ளீட் தானாக எஃப் ஆகிவிடும், அப்புறம் ஜிபிஏவும் சேர்ந்து இறங்கும். மார்க் ரெஜிஸ்ட்ராரிடம் (மார்க் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) ஏறிய பிறகு எய்ட் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டு, மார்க் மாறியிருக்கிறது, மறுபடி கணக்குப் பாருங்கள் என்று கேட்க வேண்டும். சில இடங்களில் கேட்காமல் யாரும் பார்க்க மாட்டார்கள். மார்க் மாற்றத்தை உடனே கணக்கில் எடுப்பார்களா, அடுத்த சோதனையின்போதுதானா என்பது அந்தக் கல்லூரியின் கொள்கையைப் பொறுத்தது, அதையும் அந்த மெயிலிலேயே கேட்கலாம்.

இது நடக்காமல் போனால் கோடைக்கால வகுப்பு இன்னொரு வழி. சொந்தப் பணத்தில்தான் படிக்க வேண்டும். 6 க்ரெடிட் எடுத்து முடித்தால் 66-க்கு 44, சரியாக மூன்றில் இரண்டு. கல்லூரி தன் விதியில் 66.67 என்று எழுதியிருந்தால் தேறலாம், 67 என்று எழுதியிருந்தால் மயிரிழையில் போய்விடும். 7 க்ரெடிட் என்றால் 67-க்கு 45, அதாவது 67.2, எந்தச் சந்தேகமும் இல்லை. லேப் உள்ள ஒரு 4 க்ரெடிட் பாடமும் ஒரு 3 க்ரெடிட் பாடமும் எடுத்தால் முடிந்தது. அருகில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் எடுத்தால் செலவு குறையும். வேறு கல்லூரியிலிருந்து மாற்றி ஏற்கப்படும் க்ரெடிட், எடுத்ததிலும் முடித்ததிலும் இரண்டிலும் சேரும். ஆனால் ஏற்பார்களா என்று முன்கூட்டியே அட்வைசரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள். மாற்றி வரும் பாடத்தின் மார்க் பொதுவாக ஜிபிஏவில் சேராது. உங்களுக்கு அது பொருட்டில்லை, ஜிபிஏ குறைந்து நிற்பவர்களுக்கு இந்த வழி உதவாது.

நண்பர்கள் சொன்னதற்கு வருவோம். ஒரு செமஸ்டர் சும்மா இருந்தால் கணக்கில் ஒரு எண்ணும் மாறாது. 60-க்கு 38 அப்படியே 60-க்கு 38 ஆகத்தான் இருக்கும். திரும்பி வரும்போதும் அதே நிறுத்தம் காத்திருக்கும். சொந்தப் பணம் கட்டிப் படிப்பதும் அதற்காகவே மன்னிப்பு தராது, அந்தப் பணத்தில் படித்து விகிதத்தை ஏற்றினால்தான் பலன். பேரன்ட் ப்ளஸ் லோன் நீங்கள் வாங்குவதாக இருந்தாலும் அதுவும் ஃபெடரல் லோன்தான், அவள் இந்த விதியில் தேறினால்தான் கிடைக்கும். வங்கிகளின் பிரைவேட் லோனில் சில இந்த விதியைக் கேட்பதில்லை. ஆனால் வட்டியையும் கோ-சைனராக, அதாவது கடனுக்குச் சேர்ந்து பொறுப்பேற்பவராக, நீங்கள் கையெழுத்துப் போடுவதையும் யோசித்தால், எல்லா வழியும் அடைபட்ட பிறகு பார்க்க வேண்டியது அது.

இன்னொரு ஆலோசனையும் யாராவது சொல்வார்கள்: அகாடமிக் ரின்யூவலுக்கு விண்ணப்பித்துப் பழைய மார்க்கை அழித்துவிடலாம் என்று. கல்லூரி தன் ட்ரான்ஸ்கிரிப்டில் (மார்க் பட்டியலில்) என்ன செய்தாலும், நிதியுதவிக் கணக்கில் எடுத்த பாடம் எடுத்ததுதான். கெமிஸ்ட்ரியை மூன்றாவது முறை எடுக்கும்போது முந்தைய இரண்டு முயற்சியும் சேர்த்தே எண்ணப்படும். ஏற்கெனவே தேறிய பாடத்தை நல்ல மார்க்குக்காகத் திரும்ப எடுத்தால் ஃபெடரல் பணம் ஒரே ஒரு முறைதான் உதவும்.

அப்பீல். இன்கம்ப்ளீட்டும் கோடை வகுப்பும் ஒரு பக்கம் ஓடட்டும், கெடு தேதி தாண்டாமல் அப்பீலையும் அனுப்பி வைப்பதுதான் புத்திசாலித்தனம். அப்பீல் வாய்ப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று கல்லூரிக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் பெரும்பாலான கல்லூரிகள் கொடுக்கின்றன. விதி ஏற்கும் காரணங்கள்: உறவினர் மரணம், மாணவரின் உடல்நலக் குறைவு அல்லது காயம், வேறு விசேஷச் சூழ்நிலை. கடிதத்தில் இரண்டு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். ஏன் முடியவில்லை? இப்போது என்ன மாறியிருக்கிறது? முதல் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதி, இரண்டாவதற்கு ‘இனிமேல் கடினமாக உழைப்பேன்’ என்று ஒரு வரி எழுதுவார்கள். என் மேசைக்கு வந்ததில் தோற்ற கடிதங்கள் பெரும்பாலும் அந்த வகை. படிப்பவருக்குச் சோகம் புரியும். ஆனால் அடுத்த செமஸ்டரில் இது திரும்ப நடக்காது என்று நம்ப ஏதாவது பிடி வேண்டும்.

பாட்டி இறந்தது நல்ல காரணம்தான். மாநகராட்சி தந்த இறப்புச் சான்றிதழின் நகல், விமான டிக்கெட் இரண்டையும் இணையுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டி இறந்தது இரண்டாம் ஆண்டு அக்டோபரில். முதல் 7 க்ரெடிட் டபிள்யூ அதற்கு முந்தைய வசந்தத்தில் வந்தது. அப்பீலைப் பார்க்கும் கமிட்டி ட்ரான்ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடிதம் படிக்கும், அந்த இடைவெளி முதல் பார்வையிலேயே கண்ணில் படும். எல்லாவற்றையும் பாட்டி மீது போட்டால் கடிதம் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். முதல் முறை கெமிஸ்ட்ரி விட்டதற்கு உண்மைக் காரணம் ஜிபிஏ பயம் என்றால் அதையே எழுதட்டும்: ‘டபிள்யூ நிதியுதவியைப் பாதிக்கும் என்று எனக்குத் தெரியாது, ஜிபிஏவைக் காப்பதாக நினைத்தேன்.’ அது தனியாக நின்றால் போதாது, ஆனால் அக்டோபருக்குப் பிந்தைய காரணத்தோடு சேர்ந்து வரும்போது நம்பும்படி இருக்கும்.

கவுன்சலிங் விஷயத்தை மறைக்க நினைக்கிறீர்கள். வெளியே தெரிந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்கிற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் அதுதான். தூக்கமின்மையும் மனச்சோர்வும் உடல்நலக் காரணத்தில் வரும். அதைவிட முக்கியம், ‘என்ன மாறியிருக்கிறது’ என்ற கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது: உதவி தேடிப் போனாள், தொடர்ந்து போகிறாள். கவுன்சலிங் சென்டரில் கேட்டால் எந்தத் தேதியிலிருந்து வருகிறாள் என்று சுருக்கமாக ஒரு கடிதம் தருவார்கள். பேசியதெல்லாம் அதில் இருக்க வேண்டியதில்லை. இந்தக் கோப்பு எய்ட் அலுவலகத்தோடு இருக்கும், ட்ரான்ஸ்கிரிப்டில் ஏறாது, மெடிக்கல் ஸ்கூலுக்குத் தானாகப் போகாது. எழுதுவதா வேண்டாமா என்ற முடிவு மட்டும் அவளுடையதாக இருக்கட்டும்.

‘மாறியது என்ன’ என்ற பகுதி எப்படி இருக்க வேண்டும் என்றால், இப்படி: ‘இலையுதிர் செமஸ்டரில் 13 க்ரெடிட் மட்டும் எடுக்கிறேன். கெமிஸ்ட்ரியோடு இன்னொரு லேப் பாடம் எடுக்கவில்லை. ட்யூட்டரிங் சென்டரில் வாரம் இரண்டு நாள் பதிவு செய்திருக்கிறேன். என் அட்வைசர் இந்தத் திட்டத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்.’ ஒவ்வொரு வரியையும் யாராவது சரிபார்க்க முடிகிறது, அதுதான் இதன் பலம். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தை நீங்கள் எழுதாதீர்கள். அலுவலகத்துக்குப் போன் செய்து வாதாடவும் வேண்டாம். ஃபெர்பா என்று 1974-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு அந்தப் பதிவுகளின் மீதான உரிமை மாணவருடையது. மகள் அனுமதிப் படிவம் கொடுத்திருக்காவிட்டால் உங்களிடம் அவள் விவரத்தைப் பேசத் தயங்குவார்கள். ஃபீஸ் கட்டுவது நான்தானே என்று நம்மவர்கள் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன், பலன் இருந்ததில்லை. அப்பா எழுதிய கடிதம் படிக்கும்போதே தெரிந்துவிடும். இருபது வயதுப் பெண் ‘தங்கள் மேலான பரிசீலனைக்கு’ என்ற தொனியில் ஆங்கிலம் எழுத மாட்டாள்.

அப்பீல் ஏற்கப்பட்டால் ‘ப்ரொபேஷன்’ என்ற நிலைக்கு வருவாள், ஒரு செமஸ்டருக்குப் பணம் வரும். அந்த ஒரு செமஸ்டரில் கணக்கு சரியாகிவிடும் நிலை இருந்தால் அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு 12 க்ரெடிட் முழுவதும் முடித்தாலே 72-க்கு 50, 69 சதவீதம் ஆகிவிடும். ஒரே செமஸ்டரில் ஏற முடியாதவர்களுக்கு ‘அகாடமிக் ப்ளான்’ போட்டுக் கொடுப்பார்கள், அதை மீறாதவரை பணம் வரும். எப்படியிருந்தாலும் அந்தச் செமஸ்டரில் ஒரு டபிள்யூகூட வரக் கூடாது. வந்தால் பெரும்பாலான இடங்களில் அப்போதே நிறுத்தம், இரண்டாவது அப்பீல் மிகக் கடினம். கல்லூரி மறுத்துவிட்டால் மேலே வாஷிங்டன் வரை போய் முறையிடலாம் என்று நினைக்க வேண்டாம், இதில் கல்லூரி சொல்வதுதான் முடிவு.

உச்சவரம்பைப் பற்றி இப்போது கவலை இல்லை. இனி 82 க்ரெடிட் பாக்கி, எல்லாம் முடித்தால் மொத்தம் 142, 180-க்குள் வசதியாக இருக்கிறாள். மேஜர் மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் மறுபடி கணக்குப் போட வேண்டும். புதிய மேஜருக்குப் பொருந்தும் க்ரெடிட்டை மட்டும் எண்ணும் கல்லூரிகள் உண்டு, எல்லாவற்றையும் எண்ணும் கல்லூரிகளும் உண்டு. பெல் கிராண்டுக்கு வாழ்நாள் வரம்பும் தனியாக இருக்கிறது: முழுநேரக் கணக்கில் 12 செமஸ்டர்.

மாநில உதவியும் வாங்குகிறாளா என்று நீங்கள் சொல்லவில்லை. வாங்கினால் அதன் விதியைத் தனியாகப் படியுங்கள். ஜார்ஜியாவின் ஹோப் ஸ்காலர்ஷிப்புக்கு 3.0 வேண்டும், 30, 60, 90 க்ரெடிட் எடுத்த கட்டங்களில் பார்ப்பார்கள். டெக்சஸ் கிராண்டுக்கு முதல் ஆண்டுக்குப் பிறகு 2.5 ஜிபிஏவும் 75 சதவீத வேகமும் ஆண்டுக்கு 24 க்ரெடிட்டும் வேண்டும். ஃபெடரல் கணக்கில் தேறியவர்கள் இதில் விழுவது சாதாரணம். எச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்கும் எஃப்1 மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும் ஃபெடரல் உதவியே கிடையாது, அதனால் நான் சொன்ன 67 சதவீதக் கணக்கு அவர்களைத் தொடாது. அவர்களுக்குக் கல்லூரி தரும் ஸ்காலர்ஷிப்பின் நிபந்தனைதான் வேதம்.

இலையுதிர் செமஸ்டர் பில் ஜூலை, ஆகஸ்டில் வந்துவிடும். அதற்குள் அப்பீல் முடிவு வராவிட்டால் பணம் கட்டவில்லை என்று வகுப்புப் பதிவையே ரத்து செய்யும் கல்லூரிகள் உண்டு. அதனால் பர்ஸர் அலுவலகத்தில் (ஃபீஸ் வசூலிக்கும் இடம்) தவணைத் திட்டம் இருக்கிறதா என்று கேட்டு, முதல் தவணையை மட்டும் கட்டி இடத்தைப் பிடித்துவைக்கச் சொல்லுங்கள். பணம் வருமா வராதா என்று தெரியாத பதற்றத்தில் செமஸ்டர் தொடங்கிய பிறகு மொத்தமாக எல்லா வகுப்பையும் விட்டுவிட வேண்டாம். அறுபது சதவீதக் காலம் முடிவதற்குள் முழுவதும் விலகினால், அதற்குள் வந்து சேர்ந்த ஃபெடரல் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், அந்த வகுப்புகளும் டபிள்யூவாக, ஏற்கெனவே எடுத்த 60 க்ரெடிட்டோடு சேர்ந்து ஏறும். லேப் ரிப்போர்ட்டுக்குப் பேராசிரியர் கொடுத்த தேதி என்ன என்று தெரிந்ததும் எழுதுங்கள். அது ஜூலை பில்லுக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்து, கோடை வகுப்பில் பணம் போடலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.